பெட்டி வீடும் சொந்தக் காணியும்

வாடகை வருமானத்துக்கு நமது குடும்பங்களில் எப்போதும் ஒரு தனி மதிப்பு உண்டு. கடை வியாபாரத்தில் நட்டம் வரலாம். வெளிநாட்டுச் சம்பளம் ஒரு நாள் நின்றுபோகலாம். ஆனால் மாதம் பிறந்ததும் கைக்கு வரும் வாடகை, கணவனை இழந்த பெண்ணையும், பிள்ளைகளைத் தூர இடத்தில் வைத்திருக்கும் தாயையும் யாரிடமும் கையேந்தாமல் வாழ வைக்கும். வட்டியை விட்டு ஒதுங்கி நிற்க விரும்புகிறவர்களுக்கு அது மனநிறைவு தரும் ஹலாலான வருமானமும் கூட. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், இரண்டு காப்பை விற்றாவது ஒரு சிறு வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டால் என்ன என்று நமது பெண்கள் யோசிப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சீமெந்தும் கம்பியும் ஏறிய விலையில், அத்திவாரம் போட்டவர்களே சுவர் எழுப்ப முடியாமல் நின்றார்கள். இந்த நிலையில்தான் பெட்டி வீடு பலரின் கண்ணிலும் பட்டது. கப்பலில் சரக்கு ஏற்றும் கொன்டெய்னரை வெட்டி, கதவும் யன்னலும் வைத்து, உள்ளே பலகை அடித்து, மின்விளக்கும் மலசலகூடமும் பொருத்தி விற்கிறார்கள். லொறியில் கொண்டு வந்து பாரந்தூக்கியால் இறக்கி வைத்தால் வீடு தயார். இன்று இங்கே வைத்து வாடகைக்கு விடலாம், நாளை ஆள் வராவிட்டால் தூக்கிக்கொண்டு வேறிடம் போகலாம் என்பது விற்பவர்கள் சொல்லும் பெரிய கவர்ச்சி. அமெரிக்காவில் இதற்கு 'மொபைல் ஹோம்' என்றும் இங்கிலாந்தில் 'கரவன்' என்றும் பெயர்.

இது நல்ல முதலீடா? பூநகரியை வைத்து இந்தக் கேள்வியைப் பார்ப்போம். வன்னிப் பெருநிலத்தின் வடமேற்கு மூலையில் கடலும் வயலும் சேர்ந்து கிடக்கும் அந்த ஊரில், நகர்த்தும் வீட்டைப் பற்றிய ஆசையும் அனுபவமும் இரண்டுமே இருக்கின்றன.

யார் வந்து குடியிருப்பார்?

மொட்டைக்கறுப்பன் அரிசிக்குப் பேர்போன பூநகரி, நீண்ட காலம் ஒரு மூலையாகவே இருந்தது. கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் ஓடிய பாதைச் சேவை யுத்தத்தில் நின்றுபோன பின், எதிரே கண்ணுக்குத் தெரியும் யாழ்ப்பாணத்துக்குப் போகப் பரந்தன், ஆனையிறவு என்று சுற்ற வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ 32 வீதி உயிர் பெற்றது.

பாலம் வந்தால் ஊர் வளரும், ஊர் வளர்ந்தால் வாடகைக்கு ஆள் வரும் என்று நாம் எண்ணுவோம். பாதி உண்மைதான். மறுபாதி என்னவென்றால், முன்பு பூநகரியில் வேலை கிடைத்தால் அங்கேயே ஓர் அறை தேடித் தங்க வேண்டியிருந்த ஆசிரியையும் அலுவலரும், இப்போது காலையில் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பி விடலாம். வருகிறவர்களை எளிதாகக் கொண்டு வரும் பாலம், அவர்களை எளிதாகத் திருப்பியும் அனுப்பிவிடுகிறது. வாடகை வீடு கட்ட நினைப்பவர் வீதியைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இதையும் எண்ண வேண்டும்.

சரி, ஆசிரியர்கள் வேண்டாம். பெரிய திட்டங்களுக்கு வரும் தொழிலாளர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். பெட்டி வீட்டை விற்பவர்களும் அதையே சொல்வார்கள். பூநகரியில் அப்படி ஒரு பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரில் 250 மெகாவாட், பூநகரியில் 234 மெகாவாட் என மொத்தம் 484 மெகாவாட் காற்று மின்சாரத்துக்குத் திட்டமிட்டது. 44 கோடி டொலருக்கும் மேற்பட்ட முதலீடு என்றார்கள். 2024 மே மாதத்தில் 20 வருடங்களுக்கு ஓர் அலகு மின்சாரத்தை 8.26 அமெரிக்க சதத்துக்கு வாங்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் ஆட்சி மாறியது. விலை அதிகம் என்ற காரணத்தால் 2025 ஜனவரியில் அந்த ஒப்புதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. பெப்ரவரியில் நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொள்வதாக எழுதி அனுப்பிவிட்டது.

இதில் யார் சரி, யார் பிழை என்பது நமது விடயமல்ல. 2024 இன் நடுப்பகுதியில் கடன்பட்டு நாலு பெட்டி வீடுகளை வாங்கிப் பூநகரியில் இறக்கி வைத்த ஒரு குடும்பத்தை மட்டும் மனதில் நினைத்துப் பாருங்கள். பெட்டி இருக்கும், ஆள் வந்திருக்க மாட்டார். 'தூக்கிக்கொண்டு வேறிடம் போகலாமே' என்றால், லொறிக்கும் பாரந்தூக்கிக்கும் மறுபடி பணம் வேண்டும், இறக்கி வைக்க வேறொருவரின் காணி வேண்டும், அங்கே மறுபடி தண்ணீர்க் குழாயும் மின்சார இணைப்பும் மலக்குழியும் வேண்டும்.

திட்டம் நிறைவேறியிருந்தாலும் நிலைமை பெரிதாக வேறுபட்டிருக்காது என்பதே என் எண்ணம். காற்றாலை ஒன்றை எழுப்பும்போது நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டும். எழுந்து சுழலத் தொடங்கிய பின் பார்த்துக்கொள்ளச் சிலர் போதும். அதே கிளிநொச்சி மாவட்டத்தில் பளைப் பக்கம் 2014 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் அடியில் போய்ப் பாருங்கள்: விசிறி இருக்கும், வேலி இருக்கும், ஒரு காவலாளி இருப்பார். தவிரவும், கட்டுமானத்துக்கு வரும் பெரிய கொந்தராத்துக்காரர்கள் தங்கள் ஆட்களுக்கான பெட்டிகளைத் தாங்களே கொண்டு வருவதுதான் வழக்கம். அவர்களுக்கு நம்மிடம் இல்லாதது பெட்டியல்ல. அதை வைக்க ஓர் இடமும், ஒரு கிணறும், சமைத்துத் தர ஒரு கையும்தான். இதைப் பின்னால் மறுபடி எடுத்துக்கொள்வோம்.

ஒரு கணக்கு

விற்பவர் காட்டும் கணக்கு மிகச் சுலபமானது. வீட்டு விலை இவ்வளவு, மாத வாடகை இவ்வளவு, இத்தனை வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும், பிறகெல்லாம் இலாபம்! அடுப்பங்கரைச் செலவை ஐந்து ரூபா பிசகாமல் எழுதிவைக்கும் நமது பெண்கள் இந்தக் கணக்கை அப்படியே ஏற்கக் கூடாது.

விளக்கத்துக்காக நானே சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன். இவை சந்தை விலைகள் அல்ல. பெட்டி வீடு, ஏற்றி இறக்கிய கூலியோடு 15 இலட்சம் ரூபா. மாத வாடகை 20,000 ரூபா. வருடத்துக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம் என்று உடனே பெருக்கிவிடுவோம். ஆனால் எந்த வாடகை வீடும் பன்னிரண்டு மாதமும் நிரம்பியிருப்பதில்லை. ஒருவர் போய் இன்னொருவர் வர இடைவெளி விழும். மூன்று மாதம் வெறுமையாகக் கிடந்தால் வரவு 1 இலட்சத்து 80 ஆயிரம். பெட்டி நிற்கும் காணி இன்னொருவருடையதாக இருந்தால் அவருக்கு மாதம் 4,000 வீதம் வருடத்துக்கு 48,000. பூநகரி கடலோரம், உப்புக்காற்று இரும்பைத் தின்னும். துருவைச் சுரண்டிப் பூச்சுப் பூசவும், ஒழுக்கை அடைக்கவும் 25,000. இவற்றையெல்லாம் கழித்தால் 1 இலட்சத்து 7 ஆயிரம் மிஞ்சும். பரவாயில்லையே என்று தோன்றும்.

இனித்தான் யாரும் எழுதாத வரி வருகிறது. பன்னிரண்டு வருடம் கழித்து அந்தப் பெட்டியை விற்றால் என்ன கிடைக்கும்? பழைய இரும்பு விலை. 3 இலட்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 12 இலட்சம் கரைந்திருக்கும். அதாவது வருடத்துக்கு 1 இலட்சம். இப்போது கையில் மிஞ்சுவது வருடத்துக்கு 7,000 ரூபா. 15 இலட்சத்தைப் போட்டுவிட்டு, குடியிருப்பவரின் முறைப்பாடுகளையும் கேட்டுக்கொண்டு, மாதம் அறுநூறு ரூபாவுக்கும் குறைவு.

அதே பெட்டி நமது சொந்தக் காணியில் நின்றால் 48,000 மிச்சம். வருமானம் 55,000 ஆகிறது. பெரிதல்ல, ஆனால் கணக்கு நிமிர்ந்து நிற்கிறது. எங்கிருந்து வந்தது அந்த வித்தியாசம்? நிலத்திலிருந்து. நல்ல வீடென்று நாம் சொல்லும்போது உண்மையில் விலை ஏறுவது அதன் கீழே இருக்கும் நிலம். சுவரும் கூரையும் எங்கும் தேய்ந்துகொண்டுதான் போகின்றன. நிலத்தைக் கழற்றிவிட்டு வீட்டை மட்டும் வாங்கினால், அது ஒரு பழைய வாகனத்தை வாங்கி வாடகைக்கு ஓட விடுவது போன்றதே. வாகனத்தை வாடகைக்கு விட்டும் சம்பாதிக்கலாம். ஆனால் அதை யாரும் மகளுக்குச் சொத்தென்று எழுதி வைப்பதில்லை.

வெக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது அடிக் கொன்டெய்னரின் உள்ளே 160 சதுர அடிகூடத் தேறாது. பங்குனி, சித்திரை வெயிலில் இரும்புச் சுவருக்குள் ஒரு தாய் கைக்குழந்தையோடு பகலைக் கழிக்க முடியுமா? குளிரூட்டி வைத்தால் மின்கட்டணத்தை யார் தருவது? மேலே கிடுகோ, தகரமோ போட்டு இரண்டாவது கூரை அமைத்து, பக்கத்தில் ஒரு வேம்பை வளர்த்தால் ஓரளவு தாங்கும். பெட்டியை வாங்கி விற்பவர்கள் பெரும்பாலும் அதில் ஒரு மதியம்கூடப் படுத்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் இலாபம் கண்டவர் யார்?

இந்த யோசனை அமெரிக்காவில் பெரிதாகப் பரவியிருக்கிறது. ஆகவே அங்கே என்ன நடந்தது என்று பார்ப்பது நல்லது. ஏறக்குறைய 2 கோடி மக்கள் அங்கே இத்தகைய வீடுகளில் வாழ்கிறார்கள். 1976 ஆம் ஆண்டு இவற்றைக் கட்டுவதற்கு மத்திய அரசு பொதுவான தரவிதி கொண்டு வந்தது. 1992 இல் அன்ட்ரூ சூறாவளி புளோரிடாவில் இந்த வீடுகளைக் காகிதப் பெட்டிகளைப் போல் சிதறடித்த பின், 1994 இல் காற்றைத் தாங்கும் விதி கடுமையாக்கப்பட்டது. 2003 இல் உலகப் பெரும் செல்வந்தர் வொரன் பஃபெட்டின் நிறுவனம், இவ்வீடுகளைக் கட்டும் கிளேட்டன் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. அவ்வளவு பெரிய தொழில்.

ஆனால் பெயர்தான் நகரும் வீடு. தொழிற்சாலையிலிருந்து ஓர் இடத்துக்கு வந்து இறங்கியபின் பெரும்பாலான வீடுகள் அங்கிருந்து அசைவதே இல்லை. அசைக்க ஆகும் செலவு ஆயிரக்கணக்கான டொலர். பழைய வீடானால் அசைக்கும்போது உடைந்தும் போகும். குடும்பம் வீட்டுக்குச் சொந்தக்காரர், நிலத்துக்கு வேறொருவர் சொந்தக்காரர். நிலம் சேராத வீடு என்பதால் பலருக்கு வீட்டுக் கடன் கிடைப்பதில்லை. வாகனம் வாங்குவது போன்ற கூடிய வட்டிக் கடன்தான் கிடைக்கிறது. நிலக்காரர் வாடகையை உயர்த்தினால் கொடுப்பதைத் தவிர வழியில்லை. கொடுக்க முடியாதவர் வீட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் இவ்வீடுகள் நிற்கும் நிலங்களை வளைத்து வளைத்து வாங்கியதற்குக் காரணம் இதுவே. இடத்தை விட்டுப் போக முடியாத வாடகைக்காரர்தான் இத்தொழிலின் பலம் என்று, இதைப் பாடமாகக் கற்பித்த ஒரு முதலீட்டாளர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். கேட்கும்போது மனம் சுருங்குகிறது. ஒருவரின் கதியற்ற நிலையை இலாபக் கணக்கில் சேர்க்கும் வருமானம் நமக்கு வேண்டுமா என்பதை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அங்கேயே இதற்கு மருந்தும் கண்டார்கள். 1984 இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு நிலத்தில் குடியிருந்தவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து அந்த நிலத்தைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். இன்று அந்த நாட்டில் இப்படி 300க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருக்கின்றன. வீட்டை மாற்றவில்லை, தகடும் பலகையும் அதேதான். காலுக்குக் கீழே இருந்த மண் மட்டும் அவர்களுடையதானது, பயம் போய்விட்டது.

இலண்டனில் இருக்கும் உறவினர் யாராவது கடற்கரைக் கரவன் ஒன்றில் பங்கு சேரச் சொன்னால் அவர்களுக்கும் இதைச் சொல்லலாம். இங்கிலாந்தில் நிரந்தரக் குடியிருப்புக் கரவன்களைக் காக்க 1983 இல் சட்டம் வந்தது. ஆனால் அங்கும் நிலக்காரருக்கு வருடாந்தக் கட்டணம் உண்டு. வீட்டை விற்கும்போது விலையில் 10 சதவீதம் வரை அவருக்குத் தரகுப் பணமாகப் போகும்.

வன்னி கண்ட நகரும் வீடு

அமெரிக்கப் பாடம் பூநகரி மக்களுக்குப் புதிதல்ல. பூநகரியின் மேற்குக் கரையில் நாச்சிக்குடா என்றொரு ஊர் உண்டு. கடலை நம்பி வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் அங்கே இருந்தன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்களை முற்றாக வெளியேற்றியபோது அவர்களும் வெளியேறினார்கள். 70,000க்கும் மேற்பட்ட நமது மக்களில் பெரும்பகுதியினர் புத்தளம், கல்பிட்டிப் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். கிடுகை மாற்றலாம், தடியை மாற்றலாம். கொட்டில் நின்ற நிலம் இன்னொருவருடையது. ஒரு தென்னங்கன்றை நடுவதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. மலசலகூடத்துக்குக் குழி வெட்ட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. வயது வந்த பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தத் தாய்மார் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அறிவார்கள். கொஞ்சம் கையில் சேர்ந்தவர்கள் முதலில் செய்தது கொட்டிலைத் திருத்துவதல்ல. எங்காவது ஒரு சிறு துண்டுக் காணியை வாங்கியதுதான். 2007 இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளத்தில் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோதும் காணி உறுதியே முதற் கேள்வியாக நின்றது.

பூநகரியின் தமிழ் மக்களும் இன்னொரு விதத்தில் நகரும் வீட்டைக் கண்டார்கள். 2008 இல் யுத்தம் நெருங்க நெருங்க, கூரைத் தகரத்தையும் ஓட்டையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகக் கிழக்கே நகர்ந்தார்கள். ஓரிடத்தில் இறக்கிக் கட்டுவது, சில வாரங்களில் மறுபடி கழற்றுவது. ஒவ்வொரு நகர்விலும் வீடு கொஞ்சம் சிறுத்தது. கடைசியில் 2009 இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குள் வந்து சேர்ந்தபோது கையில் ஒன்றுமில்லை. 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. திரும்பி வந்தவர்களிடம் மிஞ்சியிருந்தது சொந்தக் காணி. அதுவும் எல்லோருக்கும் அல்ல.

இந்த அனுபவம் இருந்ததால்தான் 2016 இல் 'பொருத்து வீடு' வந்தபோது வடக்கில் அத்தனை எதிர்ப்பு எழுந்தது. ஆர்செலர் மிட்டல் என்ற உலகப் பெரிய உருக்கு நிறுவனத்தைக் கொண்டு, வடக்கு கிழக்கில் 65,000 இரும்பு வீடுகளைப் பொருத்தித் தர அன்றைய மீள்குடியேற்ற அமைச்சு முனைந்தது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்து இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட தொகையோ 5 இலட்சத்து 50 ஆயிரம். அதைக் கொண்டு மக்கள் தாங்களே மேசன் பிடித்துக் கல் வீடு கட்டிக்கொண்டார்கள். பொருத்து வீட்டோடு தளபாடமும் தொலைக்காட்சியும் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் விறகடுப்பு வைக்கக் குசினி எங்கே, மகளுக்குக் கலியாணமானால் ஓர் அறையை எப்படிச் சேர்த்துக் கட்டுவது, உப்புக்காற்றில் தகடு எத்தனை வருடம் தாங்கும், உடைந்தால் ஊர் மேசனால் திருத்த முடியுமா என்ற கேள்விகளுக்குச் சரியான பதில் வரவில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் அறிஞர்களும் குறைகளை எடுத்துச் சொன்னார்கள். விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. 65,000 வீடு என்ற அந்தத் திட்டம் நிறைவேறவே இல்லை.

வாடகைக்கு விடுகிறவர் இந்தக் கேள்விகளைத் தம் வாடகைக்காரரின் வாயிலிருந்து கேட்பதாக நினைத்துப் பார்க்க வேண்டும். இலவசமாகத் தந்தபோதே மக்கள் தயங்கிய வீட்டுக்கு மாதா மாதம் பணம் கொடுத்துக் குடும்பமாக வந்து இருப்பவர் யார்? தனி ஆண்களாக, சில மாதங்களுக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். நமது வளவுக்குள் அப்படி நாலு பேரைக் குடியமர்த்துவது வீட்டுப் பெண்களுக்குப் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி.

பெட்டியை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள்

அப்படியானால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். ஏ 32 வீதியை அண்டியோ, கௌதாரிமுனை மணல்மேடுகளுக்குப் போகும் வழியிலோ ஒரு துண்டுக் காணி இருப்பவர், பெட்டியை வாங்கத் தேவையில்லை. பெட்டி வைத்திருப்பவருக்கு நிலத்தை வாடகைக்கு விடலாம். வீதி வேலைக்கோ கட்டட வேலைக்கோ வரும் கொந்தராத்துக்காரர் ஆறு மாதமோ ஒரு வருடமோ தம் பெட்டிகளை வைத்துக்கொள்வார். கிணற்றுத் தண்ணீர், மின்சாரம், வேலி, ஒரு நல்ல மலசலகூடம் – இவைதான் நமது முதலீடு. இவை பெட்டியின் விலையில் ஒரு பகுதிக்குள் அடங்கும். அவர் போன பின்னும் நமக்கே எஞ்சும். துரு அவருடைய கவலை. திட்டம் நின்றுபோனால் அந்த நட்டமும் அவருடையது. பக்கத்து வீட்டுப் பெண் அவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்து உழைத்தால் அது இன்னொரு குடும்பத்துக்கும் பிழைப்பு.

இதற்கும் எழுத்து வேண்டும். நமது நாட்டில் 1840 ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் அதற்குச் சட்டத்தில் வலு இல்லை. 'நம்ம ஆள்தானே, எழுதிக் கேட்டால் மனம் நோகுமே' என்று விட்டுவிட்டுப் பிறகு மனம் நொந்தவர்கள் நம்மில் ஏராளம். எத்தனை மாதம், முற்பணம் எவ்வளவு, மின்கட்டணம் யார் பேரில், குழியை மூடிக் காணியைச் சுத்தமாக்கித் தருவது யார் என்பதெல்லாம் உறுதியில் வர வேண்டும்.

இதைவிட முக்கியமானது, காணி எந்த வகையானது என்பது. வன்னியில் பல குடும்பங்கள் வைத்திருப்பது முடிந்த உறுதி அல்ல; 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம். அத்தகைய காணியைத் தனியார் உறுதிக் காணியைப் போல நினைத்தபடி விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். மீறினால் அனுமதிப்பத்திரமே பறிபோகலாம். பெட்டி வீட்டை வாங்கிப் 'பக்கத்துக் காணியில்' வைக்கலாம் என்று எண்ணுகிறவர்கள், அந்தப் பக்கத்துக் காணியின் பத்திரத்தைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது.

பெண்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. இந்தச் சட்டத்தில், வாரிசு நியமிக்காமல் அனுமதிப்பத்திரக்காரர் மௌத்தானால் பிள்ளைகளில் ஆணுக்கே முதலிடம் என்று நீண்ட காலம் இருந்தது. 2022 இல் வந்த திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. உம்மா, வாப்பா காலத்துப் பத்திரத்தில் பின்னுரித்தாளராக யார் பெயர் பதியப்பட்டிருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பெட்டியை எடுத்து வைத்துப் பார்க்காத அந்தப் பத்திரம், விளம்பரத்தில் வரும் எந்தப் பெட்டி வீட்டையும்விடப் பெறுமதியானதாக இருக்கலாம்.

நிச்சய வருமானம் என்றால்...

சிலர் வேறொரு வழியில் வருவார்கள். 'நீங்கள் வீட்டைப் பார்க்கக்கூட வேண்டாம். பணத்தைத் தாருங்கள். உங்கள் பேரில் ஒரு பெட்டி வீடு வாங்கி நாங்களே வாடகைக்கு விட்டு, மாதா மாதம் இவ்வளவு நிச்சயமாகத் தருவோம். மூன்று வருடம் கழித்து அதே விலைக்குத் திருப்பி வாங்கிக்கொள்வோம்.' காதுக்கு இனிமைதான். ஆனால் வீடு வெறுமையாகக் கிடந்தாலும் பணம் வரும், துருப்பிடித்தாலும் முதல் குறையாது என்றால், அங்கே வாடகை எங்கே இருக்கிறது? கொடுத்த பணத்துக்கு மாதா மாதம் கூலி வாங்கி, முதலையும் முழுமையாகத் திருப்பி எடுப்பதற்குப் பெயர் என்னவென்று நாம் அறிவோம். ஒரு பொருளின் இலாபம் வேண்டுமானால் அதன் நட்டப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது ஃபிக்ஹில் தெரிந்த விதி. மார்க்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு உலகக் கணக்காகவே பார்த்தாலும், புதிதாகச் சேருகிறவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வாடகை என்று கொடுக்கும் மோசடிகள் பெரும்பாலும் இதே உடையில்தான் வந்திருக்கின்றன. அந்தப் பெட்டியை எனக்குக் காட்டுங்கள், அது நிற்கும் காணியின் உறுதியைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். நல்லவர் காட்டுவார்.

கடன்பட்டு இதில் இறங்குவது பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வாராந்தம் வீடு தேடி வந்து அறவிடும் நுண்கடன் நிறுவனங்களால் வன்னிப் பெண்கள் பட்ட துயரம் ஊரறிந்தது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசே ஏற்றுத் தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது.

கடைசியாக ஸகாத் பற்றி. வாடகைக்கு விடுவதற்காக வைத்திருக்கும் வீட்டின் பெறுமதிக்கோ காணியின் பெறுமதிக்கோ ஸகாத் இல்லை. வாடகையாக வந்து சேர்ந்த பணம் நிஸாப் அளவை அடைந்து ஒரு வருடம் கையில் இருந்தால் அதற்கு இரண்டரை சதவீதம் என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஆனால் வாங்கி விற்று இலாபம் காணும் எண்ணத்தோடே பெட்டி வீட்டையோ காணியையோ வாங்கியிருந்தால் அது வியாபாரப் பொருளாகிவிடும். வருடா வருடம் அதன் சந்தை விலைக்கே ஸகாத் கொடுக்க வேண்டும். இரண்டும் கலந்த எண்ணத்தோடு வாங்கியவர்கள் தமது ஊர் ஆலிமிடம் விபரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். வாங்கிய திகதியையும் வாங்கிய நோக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, உறுதியோடு சேர்த்து வைத்துவிட்டால் பிறகு பிள்ளைகளுக்கும் குழப்பமில்லை.